எலும்பிலிருந்து எடுத்த அளவுகோல்

பள்ளியில் படித்த எல்லோரும் ஒருமுறையாவது எழுதிய கட்டுரை ‘ஆக்கப் பணிகளில் அணுசக்தி’. முன்னுரையில் ஹிரோஷிமா வரும். அடுத்த பத்தி ‘ஆயினும்’ என்று தொடங்கும். பிறகு மின்சாரம், மருத்துவம், வேளாண்மை, தொழில்துறை என உட்தலைப்புகள் வரிசையாக நிற்கும். முடிவுரையில் கத்தி வரும். அது காய் நறுக்கவும் உதவும், கழுத்தை அறுக்கவும் உதவும். கல்லூரிக்கு வந்த பிறகும் என் மாணவிகள் இதே வரிசையில்தான் எழுதுகிறார்கள்.

நான் தமிழ் நடத்துகிறவள். வாக்கியத்தில் எழுவாய் எங்கே என்று தேடுவது என் தொழில். இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலான வாக்கியங்கள் செயப்பாட்டுவினையில் இருக்கும். கதிரியக்கம் கண்டறியப்பட்டது. தொழிற்சாலைகளில் பயன்படுத்தப்படுகிறது. பாதுகாப்பான அளவு நிர்ணயிக்கப்பட்டுள்ளது. கடைசி வாக்கியத்தைத் தாண்டி என்னால் எளிதில் போக முடிந்ததில்லை. யார் நிர்ணயித்தார்கள்? எதை வைத்து? இன்ன அளவு உடலுக்குள் போனால் ஆபத்து, இன்ன அளவு போனால் பரவாயில்லை என்று சொல்ல வேண்டுமானால், முதலில் யாருடைய உடலுக்குள்ளோ அது போயிருக்க வேண்டுமே.

அந்த எழுவாயைத் தேடிப் போனால் அது பெண்பாலில் இருக்கிறது.

பாடநூல் வரலாறு இந்தக் கதையை 1953இல் தொடங்கும. அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் ‘அமைதிக்கு அணு’ என்ற உரையை ஆற்றினார். 1955 ஆகஸ்டில் அணுசக்தியின் அமைதிப் பயன்பாடுகளுக்கான முதல் பன்னாட்டு மாநாடு ஜெனிவாவில் நடந்தது. தலைமை வகித்தவர் ஹோமி பாபா. மறு ஆண்டு டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. 1957இல் பன்னாட்டு அணுசக்தி முகமை உருவானது. இந்த வரிசையில் குண்டு முதலில் வருகிறது, அமைதி அதற்குக் கழுவாயாக வருகிறது. மேடையில் இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள்.

ஆனால் அணுக்கருவின் ஆற்றல் தொழிற்சாலைக்குள் நுழைந்தது 1953இலும் இல்லை, 1945க்குப் பிறகும் இல்லை. முதல் உலகப் போர் முடிவதற்கு முன்பே அது நுழைந்துவிட்டது. நுழைந்த இடம் இளம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்த்த ஒரு கூடம்.

ஆரஞ்சு நகரத்து மேசைகள்

1898 டிசம்பரில் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். ரேடியம் அணுவின் கரு தானாகவே சிதையும். சிதையும்போது ஆல்ஃபா துகளை வெளியே எறியும். அந்தத் துகள் துத்தநாக சல்ஃபைடின் மேல் பட்டால் ஒரு சிறு ஒளிப்பொறி தெறிக்கும். இரண்டையும் கலந்து பசை சேர்த்துக் குழைத்தால் இருட்டில் தானே ஒளிரும் சாயம் கிடைக்கும். எண்ணெய் வேண்டாம், திரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அணுக்கருவின் ஆற்றலைச் சரக்காக்கி விற்ற முதல் தொழில்களுள் இதுவும் ஒன்று.

போர்முனைப் பதுங்குகுழியில் இருக்கும் சிப்பாய் இரவில் மணி பார்க்க வேண்டும். தீக்குச்சி உரசினால் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஒளிரும் கைக்கடிகாரத்துக்குப் பெரும் தேவை எழுந்தது. 1917இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள ஆரஞ்சு நகரில் கடிகார முகப்புகளுக்குச் சாயம் தீட்டும் கூடம் வேலையைத் தொடங்கியது. அந்த நிறுவனம் பின்னர் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன் என்று பெயர் பெற்றது. கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரியிலும் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவாவிலும் இதே தொழில் வளர்ந்தது. தீட்டியவர்கள் இளம்பெண்கள், பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள். எத்தனை முகப்பு முடித்தார்களோ அத்தனைக்குக் கூலி.

எண்கள் மெல்லியவை. தூரிகையின் நுனி நான்கைந்து இழுப்பில் விரிந்துவிடும். ஊசியில் கோக்கும் முன் நூலின் நுனியை வாயில் வைத்துக் கூராக்குகிறோம் அல்லவா, அதே போல் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். உதட்டில் கூராக்கு, சாயத்தில் தோய், எழுது. துணியில் துடைத்தால் ரேடியம் வீணாகும். ரேடியம் அப்போது உலகிலேயே விலை உயர்ந்த பொருள். துணியில் ஒட்டினால் நஷ்டம். ஒரு பெண்ணின் நாக்கில் ஒட்டினால் அது கணக்கில் வராது.

அதே தொழிற்சாலையின் வேதியியலாளர்கள் ஈயத் திரைக்குப் பின்னால் நின்று, இடுக்கியால் பிடித்துத்தான் ரேடியத்தைக் கையாண்டார்கள். ஆபத்து என்ற அறிவு அந்தக் கட்டடத்துக்குள் இருந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த மேசை வரைக்கும் அது வரவில்லை.

மாலையில் வீடு திரும்பும்போது அந்தப் பெண்களின் கூந்தலும் உடையும் மின்னும். நடனத்துக்குப் போகும் நாளில் நல்ல உடையையே வேலைக்கும் உடுத்திப் போனவர்கள் உண்டு. இருட்டில் ஒளிரலாமே என்று. நகத்திலும் பல்லிலும் விளையாட்டாகத் தீட்டிக்கொண்டார்கள். கூலி கிடைத்தது, நாட்டுக்காக உழைக்கிறோம் என்ற பெருமை இருந்தது, ஊரில் யாருக்கும் இல்லாத ஓர் அழகும் இருந்தது. அந்த மகிழ்ச்சியை ஏமாளித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பத்திரிகைகளும் மருந்துக் கடைகளும் ரேடியத்தை உயிரூட்டும் பொருளாகக் கொண்டாடிய காலம் அது.

1921 மே மாதம் மேரி கியூரி அமெரிக்கா வந்தார். தம் ஆய்வுக்கு ரேடியம் வாங்கப் பணமில்லாமல் இருந்த அவருக்காக, மேரி மெலோனி என்ற பத்திரிகையாளர் அமெரிக்கப் பெண்களிடம் சுமார் ஒரு லட்சம் டாலர் திரட்டியிருந்தார். வெள்ளை மாளிகையில் அதிபர் ஹார்டிங் ஒரு கிராம் ரேடியத்தை அவருக்கு வழங்கினார். பெண்கள் சேர்ந்து ஒரு பெண் விஞ்ஞானிக்குத் தந்த பரிசு. பெண்ணிய வரலாற்றில் பெருமையோடு சொல்லப்படும் நிகழ்ச்சி. அதே ஆண்டுகளில் அதே நாட்டில் வேறு பெண்கள் அதே ரேடியத்தைச் சிறுகச் சிறுக விழுங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் வரலாறு முழுமையாகும் என்று நினைக்கிறேன்.

நோயின் பெயர்

வேதியியலில் ரேடியம் கால்சியத்தின் குடும்பம். உடலுக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பாலில் வரும் கால்சியத்தை எலும்பில் சேர்ப்பது போலவே ரேடியத்தையும் எலும்பில் சேர்த்துக்கொள்ளும். அங்கே அது தங்கிவிடும். ரேடியத்தில் பாதி சிதைய சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். ஒரு மனித வாழ்வுக்குள் அது தீரப்போவதில்லை.

முதலில் பல் வலித்தது. பிடுங்கிய இடம் ஆறவில்லை. ஆரஞ்சு நகரத்துத் தொழிலாளி மாலி மேகியாவின் கீழ்த்தாடை எலும்பே மருத்துவரின் கையோடு உதிர்ந்து வந்தது. 1922 செப்டம்பரில் அவர் இறந்தார். வயது இருபதுகளில்தான். இறப்புச் சான்றில் எழுதப்பட்ட காரணம் சிஃபிலிஸ், அதாவது பால்வினை நோய்.

இளம்பெண்ணின் உடலில் விளங்காத நோய் வந்தால் முதலில் அவள் நடத்தையைச் சந்தேகிப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை என்பது இந்தச் சான்றிதழில் தெரிகிறது. அந்த ஒரு சொல் நிறுவனத்துக்குக் கேடயமாயிற்று. குடும்பத்துக்கு அவமானமாயிற்று. பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்கோ, வாயைத் திறந்தால் தங்கள் பெயரும் கெடும் என்ற அச்சமாயிற்று. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1927 அக்டோபரில் மாலியின் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள். சிஃபிலிஸுக்கான தடயமே இல்லை. எலும்புகளில் கதிரியக்கம் இருந்தது. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அவள் எலும்பே சாட்சி சொல்லி மீட்க வேண்டியிருந்தது.

இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் உண்மையை வெளியே கொண்டுவந்தவர்களில் பெண்கள் பலர். நியூஜெர்சி நுகர்வோர் கழகத்தின் கேத்தரின் வைலி நோயுற்றவர்களின் வீடுகளுக்கே போய் விவரம் திரட்டினார். ஹார்வர்டில் ஆசிரியப் பணியில் அமர்ந்த முதல் பெண்ணான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டனிடம் உதவி கேட்டார். அதே ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர் கேத்தரின் டிரிங்கரும் அவர் கணவர் செசில் டிரிங்கரும் 1924இல் நிறுவனத்தின் அழைப்பிலேயே தொழிற்சாலையை ஆராய்ந்திருந்தார்கள். நோய்க்குக் காரணம் ரேடியம் என்பது அவர்கள் முடிவு. நிறுவனம் அந்த அறிக்கையை வெளியிடவில்லை. பெண்கள் நலமாக இருக்கிறார்கள் என்று தோன்றும்படி மாற்றிய வடிவத்தை மாநிலத் தொழிலாளர் துறைக்கு அனுப்பியது. வைலி மூலம் ஹாமில்டனுக்கும், ஹாமில்டன் மூலம் கேத்தரின் டிரிங்கருக்கும் செய்தி எட்டியது. நிறுவனத்தின் மிரட்டலை மீறி 1925இல் உண்மை அறிக்கை ஆய்விதழில் வெளிவந்தது. பெண்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் இல்லையென்றால், திருத்திய அறிக்கையே அரசுக் கோப்பில் உண்மையாக நின்றிருக்கும்.

அதே 1925இல் எசெக்ஸ் மாவட்ட மருத்துவ ஆய்வாளர் ஹாரிசன் மார்ட்லாண்ட், இறந்தவர்களின் எலும்பிலும் உயிரோடிருந்தவர்களின் மூச்சிலும் கதிரியக்கத்தைக் காட்டினார். ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு உண்டாகும். எலும்பில் ரேடியம் இருந்தால் அது மூச்சோடு வெளியே வரும். அந்த மூச்சை அளந்தால் எலும்பில் இருப்பது தெரியும்.

உயர்த்த முடியாத கைகள்

கிரேஸ் ஃப்ரையர் என்ற முன்னாள் தொழிலாளி வழக்குப் போட முடிவு செய்தபின் வழக்கறிஞர் கிடைக்கவே இரண்டு ஆண்டுகள் ஆயின. அவரோடு சேர்ந்தவர்கள் கேத்தரின் ஷாப், எட்னா ஹுஸ்மன், குவின்டா மெக்டொனால்ட், அல்பினா லாரிஸ். கடைசி இருவரும் மாலியின் உடன்பிறந்தவர்கள். ‘பாதிப்பு ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கவில்லை’ என்பது நிறுவனத்தின் வாதம். எலும்பில் மெதுவாக வேலை செய்யும் நஞ்சுக்குச் சட்டத்தின் நாள்காட்டி தெரியுமா?

1928 ஜனவரியில் நீதிமன்றத்துக்கு வந்தபோது சத்தியப் பிரமாணத்துக்குக் கையை உயர்த்தவும் அவர்களால் முடியவில்லை. அப்படியும் விசாரணை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. நிறுவனத் தரப்புச் சாட்சிகள் கோடை விடுமுறைக்கு ஐரோப்பா போகிறார்களாம். பத்திரிகைகள் கொதித்தன. ஜூன் மாதம் சமரசம் ஏற்பட்டது: ஆளுக்கு 10,000 டாலர், ஆண்டுக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்ட மேரி கியூரி, உடலுக்குள் போன ரேடியத்தை அழிக்க வழியே இல்லை என்று வருந்திச் சொன்னார். ஆறு ஆண்டுகளில் அவரும் இரத்தச் செல் உற்பத்தி நின்றுபோகும் நோயால் இறந்தார்.

ஒட்டாவாவில் நடந்தது இதைவிடக் கொடியது என்பேன். அங்கிருந்த ரேடியம் டயல் நிறுவனம் தன் தொழிலாளர்களைச் சோதித்தது. முடிவுகளை அவர்களிடம் சொல்லவில்லை. 1928இல் ஆரஞ்சு வழக்கின் செய்தி பரவியதும், எங்கள் தொழிலாளர்களுக்கு அத்தகைய நோய் ஏதும் இல்லை என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. பெண்கள் நம்பினார்கள், வேலை தொடர்ந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1938 பிப்ரவரியில் கேத்தரின் வுல்ஃப் டொனஹ்யூ என்பவர் இல்லினாய் தொழில் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். தம் நோய் தீராது என்று மருத்துவர் சொல்வதை விசாரணையில் கேட்டு அவர் நிலைகுலைந்தார். மறுநாள் விசாரணையை அவர் வீட்டுக்கே மாற்றினார்கள். படுத்த படுக்கையாக இருந்தபடி சாட்சியத்தை முடித்தார். வென்றார். அந்த ஜூலையில் இறந்தார். மேல்முறையீடுகள் அவர் இறந்த பின்னும் தொடர்ந்தன. 1939 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மனுவை ஏற்க மறுத்தது.

1932இல் ஈபன் பையர்ஸ் என்ற செல்வந்தர், ரேடியம் கலந்த ‘ரேடிதார்’ என்ற சத்துநீரைப் புட்டி புட்டியாகக் குடித்து இறந்தார். அவருக்கும் தாடை அழிந்தது. அதன்பின் ரேடியம் மருந்துகளின் சந்தை சரிந்தது. தொழிலாளிப் பெண்கள் பத்து ஆண்டுகளாக இறந்தபோது வராத வேகம் ஒரு கனவானின் தாடைக்கு வந்தது.

0.1

இனி நான் தேடிய அந்த எழுவாய்.

ராப்லி எவன்ஸ் என்ற இயற்பியலாளர் 1930களில் உயிரோடிருந்த முகப்பு தீட்டிய பெண்களையும், ரேடியம் மருந்து குடித்தவர்களையும் அளக்கத் தொடங்கினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்த பெண்கள் மூச்சை ஊதித் தந்தார்கள். கருவியின் முன் அசையாமல் இருந்தார்கள். 1941இல் இரண்டாம் உலகப் போருக்காக மறுபடியும் ஒளிரும் முகப்புகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. ஒரு தொழிலாளியின் உடலில் எவ்வளவு ரேடியம் இருக்கலாம் என்று கடற்படை கேட்டது. எவன்ஸ் உள்ளிட்ட குழு கூடியது. கையில் இருந்தது முப்பது பேருக்கும் குறைவானவர்களின் அளவீடுகள். அதிகம் இருந்தவர்களுக்கு நோய் வந்திருந்தது, மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு வரவில்லை. இரண்டுக்கும் கீழே எங்கே கோடு போடுவது?

எவன்ஸ் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு செய்தி உண்டு. உங்கள் மனைவியோ மகளோ அந்த இடத்தில் இருந்தால் எந்த அளவு உங்களுக்கு நெருடாமல் இருக்கும் என்ற கேள்வியைக் குழுவினர் முன் வைத்தார். வந்த விடை 0.1 மைக்ரோகிராம். ஒரு கிராமில் ஒரு கோடியில் ஒரு பங்கு. 1941 மே மாதம் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தின் கையேட்டில் அது அச்சானது.

இந்தக் கேள்வியைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அதில் அக்கறை இருக்கிறது. அந்தக் கோடு தாழ்வாக, பாதுகாப்பாக விழுந்ததற்கு அந்த அக்கறையும் காரணம். ஆனால் மனைவியையும் மகளையும் கற்பனை செய்து பார்த்த அறையில், உடலைத் தந்த பெண்கள் ஒருவரும் இல்லை. தாங்கிய ஒருத்தியைக் கேட்டிருந்தால் அவள் எந்த எண்ணைச் சொல்லியிருப்பாள்?

1944 தொடக்கத்தில் புளூட்டோனியம் கிராம் கணக்கில் வந்து சேரவிருந்தது. அதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான க்ளென் சீபோர்க், தம் ஆய்வகத்தில் உள்ளவர்களைப் பார்த்தபோது அந்த முகப்புப் பெண்களை நினைத்ததாகப் பதிவு செய்திருக்கிறார். புளூட்டோனியமும் எலும்பில் தங்குவது. அது உடலுக்குள் எவ்வளவு இருக்கலாம் என்ற முதல் வரம்பை ரேடியத்தோடு ஒப்பிட்டே கணக்கிட்டார்கள். பள்ளிக் கட்டுரையின் வரிசை இங்கே தலைகீழாகிறது. குண்டிலிருந்து அமைதிக்கு வந்த பாதை ஒன்று இருக்கலாம். அதற்கு முன்பே அமைதித் தொழிலில் இறந்த பெண்களின் எலும்பிலிருந்து குண்டுத் தொழிற்சாலைக்குப் போன பாதை ஒன்று இருக்கிறது. போருக்குப் பின் அணு உலைகளும் ஐசோடோப்புகளும் வந்தபோது, எலும்பில் தங்கும் கதிரியக்கப் பொருள்களுக்கு அதே அளவுகோல் நீண்டது.

பிறகு ஆர்கான் தேசிய ஆய்வகம் அந்தப் பெண்களைத் தேடிப்பிடித்து, 1990களின் தொடக்கம் வரை தொடர்ந்து ஆராய்ந்தது. ரேடியம் அளவிடப்பட்டவர்கள் சுமார் 2,400 பேர். முதுமையில் இருந்தவர்கள் வந்து உடலைக் காட்டினார்கள். இறந்தவர்கள் சிலரின் எலும்பைக் குடும்பத்தார் ஒப்புதலோடு தோண்டி எடுத்தார்கள்.

மணலும் மேண்டிலும்

அமெரிக்கக் கதை என்று இதைத் தள்ளிவைக்க நமக்கு வழியில்லை. ஆரஞ்சு நகரத்துச் சாயத்தில் ரேடியத்தோடு மீசோதோரியம் என்ற பொருளும் கலந்திருந்தது. அது தோரியம் சிதைவதால் உண்டாவது. விளக்கு மேண்டிலுக்காகத் தோரியம் பிரித்தெடுத்த ஆலைகளில் உடன் கிடைத்தது. தோரியம் இருப்பது மோனசைட் மணலில். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அந்த மணலை அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கண்டார். நம் கல்யாணப் பந்தலிலும் தெருக்கூத்துக் களத்திலும் ‘உஸ்’ என்று எரிந்த பெட்ரோமாக்ஸின் வெள்ளை மேண்டிலில் இருந்தது அதே தோரியம்தான். இன்று இந்திய அணுசக்தித் திட்டத்தின் எதிர்கால எரிபொருளாக அதையே சொல்கிறார்கள்.

அணு நமக்குத் தந்ததையும் சொல்ல வேண்டும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அலைந்து திரட்டிய முயற்சியில் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. நாட்டின் தொடக்ககாலக் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவிகளுள் ஒன்று 1950களிலேயே அங்கு வந்தது. அணு உலையில் உண்டாக்கிய கோபால்ட் எத்தனையோ பெண்களின் கருப்பைவாய்ப் புற்றைச் சுட்டு ஆற்றியிருக்கிறது. செயற்கைக் கதிரியக்கம் என்ற வாசலை 1934இல் கணவரோடு சேர்ந்து திறந்தவர் மேரியின் மகள் ஐரீன். நோபல் பெற்ற அவர் 1956இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். ரத்தத்தில் இன்சுலின் போன்ற நுண்பொருள்களைக் கதிரியக்க அயோடினால் அளக்கும் முறையைச் சாலமன் பெர்சனோடு உருவாக்கிய ரோசலின் யாலோ, 1977இல் நோபல் பெற்றார். அந்த முறைக்குக் காப்புரிமை கேட்கவில்லை.

என் அத்தையும் கோபால்ட் கருவியின் கீழ் படுத்தவர். அதன்பின் இருபது ஆண்டுகள் இருந்து பேரனின் கல்யாணத்தையும் பார்த்துவிட்டுப் போனார். எனவே அணு என்றாலே வேண்டாம் என்று என்னால் எழுத முடியாது. அவருக்குத் துணையாக இருந்த நாட்களில் கருவியை இயக்கும் இளம்பெண்ணின் மேலங்கியில் ஒரு சிறு வில்லையைப் பார்த்தேன். என்னவென்று கேட்டேன். “எங்க மேல எவ்வளவு கதிர் பட்டிருக்குன்னு இது கணக்கு வச்சுக்கும்க்கா. மூணு மாசத்துக்கு ஒருதரம் அனுப்புவாங்க” என்றார். “கணக்கு உங்களுக்குச் சொல்வாங்களா?” என்று கேட்டேன். சிரித்தார். “ஏதாவது இருந்தா சொல்வாங்க.”

அந்த வில்லை உடலுக்கு வெளியிலிருந்து வரும் கதிரை அளப்பது. அதன் வரம்புகளுக்கு வேறு வரலாறு உண்டு. ஆனால் அவர் சொன்ன பதிலைக் கேட்டதும் எனக்கு ஒட்டாவா நினைவுக்கு வந்தது.

ஒப்பளவு ஆண்

கதையில் இன்னொரு திருப்பம் பாக்கி இருக்கிறது. 1975இல் பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம், கணக்கீடுகளுக்கான மாதிரி உடல் ஒன்றை விரிவாக வரையறுத்தது. அதற்கு வைத்த பெயர் ‘ரெஃபரன்ஸ் மேன்’. ஒப்பளவு ஆண் எனலாம். வயது 20 முதல் 30. எடை 70 கிலோ. உயரம் 170 செண்டிமீட்டர். வெள்ளையர். வாழ்க்கைமுறையில் மேற்கு ஐரோப்பியர் அல்லது வட அமெரிக்கர். பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் முறையான ஒப்பளவு உடல்கள் இதே ஆணையத்தின் 2002ஆம் ஆண்டு வெளியீட்டில்தான் சேர்ந்தன. ஒரே அளவு கதிர்வீச்சில் ஆண்களைவிடப் பெண்களுக்குத் திடக்கட்டிப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2006இல் வெளியான அறிக்கையில் சொன்னது.

அளவுகோலை உடைத்து எடுத்தது பெண்களின் எலும்பிலிருந்து. அதன் மேல் பொறித்தது ஆணின் உருவம். கவிதை எழுதுகிறவளாக இதைவிடக் கொடிய உருவகத்தை நான் கற்பனை செய்திருக்க முடியாது. ஆனால் இது உருவகமும் இல்லை.

2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் பந்தல் எழுந்தது. அதில் நாள்தோறும் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மீனவப் பெண்களும் பீடி சுற்றும் பெண்களும். பாதுகாப்பு ஆய்வறிக்கையைப் பொதுவில் வையுங்கள் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. அவர்களுக்கு விவரம் தெரியாது, யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்றார்கள். அவர்களின் அச்சத்தை மனநல ஆலோசனையால் தீர்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. 2013 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் இந்த நூலின் வாசகியருக்குள்ளேயே இரு கருத்து இருக்கலாம். ஆனால் அறிக்கையைக் காட்டு என்று கேட்ட பெண்ணை அறியாதவள் என்று சொல்ல, இந்தத் தொழிலின் வரலாற்றை அறிந்த எவருக்கும் நா எழக் கூடாது. அறிக்கையை மாற்றி எழுதியதும், சோதனை முடிவை மறைத்ததும், நோயை நடத்தையின் தலையில் கட்டியதும் இதே தொழிலின் முதல் இருபது ஆண்டுகளில் நடந்தவை. மறைத்தவர்கள் படித்தவர்கள். சந்தேகப்பட்டவர்கள் கூலிக்கு முகப்பு தீட்டிய பெண்கள். உண்மை யார் பக்கம் இருந்தது என்பதை எலும்பு சொல்லிவிட்டது.

அதனால் என் மாணவிகளிடம் இப்போதெல்லாம் ஒன்று கேட்கிறேன். ‘பாதுகாப்பான அளவு’ என்ற சொல் எங்கே வந்தாலும், அடுத்த வரியில் மூன்று விவரம் எழுதுங்கள்: யாருடைய உடலில் அளந்தது, யார் கோடு போட்டது, அளந்த எண்ணை அந்த உடலுக்கு உரியவளிடம் கொடுத்தார்களா. முதல் இரண்டுக்கு நூலகத்தில் விடை உண்டு. மூன்றாவதற்கு, மேலங்கியில் வில்லை அணிந்த அந்தப் பெண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அந்த அறையைப் பெருக்கித் துடைக்க வந்த அம்மாவின் சேலையில் வில்லை இல்லை. விதிப்படி அவருக்குத் தேவையும் இல்லை. ஏன் தேவையில்லை என்பதை யாராவது அவரிடம் ஒருமுறை உட்கார்ந்து சொல்லியிருப்பார்களா?